களஞ்சியத்திலிருந்து தெருவுக்கு வந்த துப்பாக்கிகள்

துப்பாக்கிச் சூட்டுச் சம்பவம் ஒன்று இடம்பெறும் போதெல்லாம், 'ரி-56 ரகத் துப்பாக்கி பயன்படுத்தப்பட்டுள்ளதாகச் சந்தேகிக்கப்படுகின்றது' என்று பொலிஸார் தெரிவிப்பது இந்நாட்டு மக்களுக்குப் பழகிப்போன செய்தியாகிவிட்டது. நிமிடத்துக்குச் சுமார் 600 ரவைகள் என்ற வேகத்தில் சுடவல்ல யுத்த ஆயுதம் ஒன்று பாதாள உலகக் குழுவினரின் கைகளுக்கு எவ்வாறு சென்றடைந்தது என்ற கேள்வியோ பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகின்றது.

பொதுமக்களிடம் துப்பாக்கிகள் மலிந்து கிடக்கும் அமெரிக்காவில் கூட, சட்டப்படி பதிவு செய்யப்பட்ட தானியங்கித் துப்பாக்கிகள் குற்றங்களில் பயன்படுத்தப்படுவது மிக அரிதாகும். அங்கு 1934 இல் அவற்றின் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. 1986 முதல் புதிதாகத் தயாரிக்கப்படுபவை பொதுமக்களுக்குக் கிடைக்காது தடுக்கப்பட்டன. சாதாரண கைத்துப்பாக்கியைத் தானியங்கியாக மாற்றும் சிறு கருவிகள் அண்மைய ஆண்டுகளில் பரவத் தொடங்கிய பின்னரே அங்கு நிலைமை மாறி வருகின்றது.

இலங்கையில் நிகழும் எல்லாக் குற்றங்களிலும் ரி-56 பயன்படுத்தப்படுவதாகக் கூறிவிட முடியாது. 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்தினுள் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக்கொல்லப்பட்டது, புத்தகத்துள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட ரிவோல்வரினாலேயே ஆகும். உள்ளூரில் தயாரிக்கப்படும் கல்கட்டாஸ் துப்பாக்கிகளும் குற்றவாளிகளிடம் தாராளமாகப் புழங்குகின்றன. ஆயினும், திட்டமிட்டு நடத்தப்பட்ட படுகொலைகள் பலவற்றில் ரி-56 இன் பெயர் திரும்பத் திரும்ப அடிபடுகின்றது. 2006 நவம்பரில் கொழும்பில் பட்டப்பகலில் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் பலியானதும், 2017 பெப்ரவரியில் களுத்துறையில் சிறைச்சாலை பஸ் வழிமறிக்கப்பட்டு ஐந்து கைதிகளும் இரு சிறை அதிகாரிகளும் கொல்லப்பட்டதும் இவ்வாயுதத்தினாலேயே ஆகும்.

இத்துப்பாக்கி எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. யுத்த காலத்தில் அரச படைகளிடமும் ஆயுதக் குழுக்களிடமும் குவிந்தவையே இன்று வெளியில் உலாவுகின்றன. இராணுவ முகாம் ஒன்றிலிருந்து மட்டும் 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்தினருக்குச் சென்றுள்ளன என்றும், அவற்றில் 38 மீட்கப்பட்டுள்ளன என்றும் 2025 இன் முற்பகுதியில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அப்படியானால் எஞ்சிய 35 துப்பாக்கிகளும் அன்று யாருடைய கைகளில் இருந்தன? படையிலிருந்து தப்பிச் சென்றவர்கள் கூலிக்குக் கொலை செய்பவர்களாக மாறியிருப்பது இவ்வாபத்தை இரட்டிப்பாக்குகின்றது.

ஆயுதம் தேடுவதாகக் கூறி இந்நாட்டில் அதிகம் சோதனையிடப்பட்டவை தமிழ், முஸ்லிம் மக்களின் வீடுகளே. யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் சுற்றிவளைப்புகள் அன்றாட நிகழ்வாக இருந்தன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் தேடுதல்கள் நடத்தப்பட்டன. சமையலறைக் கத்திக்கும் விளக்கம் கூற வேண்டியிருந்த மக்களிடம், முகாமின் களஞ்சியத்திலிருந்தே 73 துப்பாக்கிகள் வெளியேறின என்று இன்று கூறப்படுகின்றது. படையினர் அனைவரையும் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமல்ல. எனினும், குடிமக்களிடம் கேட்கப்பட்ட கணக்கு களஞ்சியப் பொறுப்பாளர்களிடமும் கேட்கப்பட வேண்டுமல்லவா?

சட்டத்தில் குறைவில்லை. தானியங்கித் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருப்பவருக்குத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆயுள் தண்டனை விதிக்கப்படலாம். ஆனால் பிடிபடுபவர் பெரும்பாலும் விசையை அழுத்தியவரோ ஆயுதத்தை மறைத்து வைத்தவரோ தான். அதனை வெளியே அனுப்பியவர் திரைமறைவிலேயே இருந்துவிடுகின்றார்.

எனவே, முப்படையினரதும் பொலிஸாரினதும் ஆயுதக் களஞ்சியங்கள் சுயாதீனமான குழுவொன்றினால் இலக்கம் இலக்கமாகக் கணக்கெடுக்கப்பட வேண்டும். மீட்கப்படும் ஒவ்வொரு துப்பாக்கியும் எந்தக் களஞ்சியத்துக்குரியது என்பது பகிரங்கப்படுத்தப்படுவதும் அவசியம். துப்பாக்கிக் குற்றங்களின் தொகை ஆயுத வகைப்படி ஆண்டுதோறும் வெளியிடப்படுமாயின், நிலைமை சீரடைகின்றதா என்பதை மக்களே மதிப்பிட்டுக்கொள்வர். களஞ்சியத்தின் கதவு சரியாகப் பூட்டப்படாத வரையில், வீதிகளில் எத்தனை சோதனைச் சாவடிகளை அமைத்தும் பயனேதும் விளையப்போவதில்லை.