விமான டிக்கெட்டுக்கு 18% ஜிஎஸ்டி: யாருக்குக் கூடுகிறது, யாருக்கு மாற்றமில்லை?

"விமான டிக்கெட்டுக்கு 18% வரியாமே?" என்பதுதான் இப்போது டிக்கெட் எடுக்கப் போகும் பலரின் கேள்வி. எல்லோருக்கும் இல்லை என்பதே பதில். அதற்காக, "பிசினஸ் கிளாஸ்ல போறவங்களுக்குத்தானே, நமக்கென்ன" என்று விட்டுவிடவும் முடியாது. ஏன்?

என்ன மாறியது?

நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தலைமையில் 2025 செப்டம்பர் 3-ம் தேதி கூடிய 56-வது ஜிஎஸ்டி கவுன்சில், 12%, 28% ஆகிய படிநிலைகளை எடுத்துவிட முடிவு செய்தது. 12 சதவீதத்தில் இருந்தவற்றில் பல 5 சதவீதத்துக்கு இறங்கின. சில 18 சதவீதத்துக்கு ஏறின. ஏறிய பட்டியலில் ஒன்றுதான் எகானமி அல்லாத விமான டிக்கெட். செப்டம்பர் 22 முதல் இது அமலுக்கு வந்துவிட்டது.

எகானமி வகுப்புக்கு பழைய 5 சதவீதமே தொடர்கிறது. அதில் ஒரு ரூபாய்கூட கூடவில்லை.

சிக்கல் எங்கே?

வரி விதியில் இருப்பது இரண்டே பிரிவுகள்தான்: ஒன்று 'எகானமி', மற்றொன்று 'எகானமி அல்லாதவை'. நடுவில் எதுவும் கிடையாது. அதனால் முதல் வகுப்பு, பிசினஸ் வகுப்புடன் பிரீமியம் எகானமியும் இரண்டாவது பிரிவில் போய் விழுகிறது. பெயரில் 'எகானமி' இருந்தாலும் வரி 18%.

பிரீமியம் எகானமியில் போகிறவர்கள் எல்லாம் பெரும் பணக்காரர்கள் இல்லை. மூட்டு வலியால் காலை மடக்கி உட்கார முடியாத வயதானவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் என, கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும் என்று கூடுதல் பணம் கொடுப்பவர்களும் உண்டு. சொகுசுக்கு என்று போட்ட வரி இவர்கள் கையையும் கடிக்கிறது.

எவ்வளவு கூடும்?

வரி சேர்க்காத கட்டணம் ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம்.

எகானமி: ஜிஎஸ்டி ரூ.500. மாற்றமில்லை.
பிரீமியம் எகானமி: முன்பு ரூ.1,200, இப்போது ரூ.1,800.

அதாவது டிக்கெட்டுக்கு ரூ.600 கூடுதல். குடும்பமாக 4 பேர் போய்த் திரும்பினால் 8 டிக்கெட்டுக்கு ரூ.4,800. வெளிநாட்டுப் பயணத்துக்கு ரூ.50,000 அடிப்படைக் கட்டணத்தில் பிசினஸ் டிக்கெட் எடுத்தால், ரூ.6,000 ஆக இருந்த வரி ரூ.9,000 ஆகிறது.

இடைவெளி எப்படி வளர்ந்தது?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன், சேவை வரி எகானமிக்கு 6%, பிசினஸ் வகுப்புக்கு 9% என்ற அளவில் இருந்தது. வித்தியாசம் 3 புள்ளிகள்தான். ஜிஎஸ்டி வந்ததும் 5%, 12% என்றாகி 7 புள்ளிகள் ஆனது. இப்போது 5%, 18%. வித்தியாசம் 13 புள்ளிகள். சர்வதேச விமானப் போக்குவரத்து சங்கமான ஐயாட்டாவும் இந்த உயர்வுக்கு அதிருப்தி தெரிவித்துள்ளது.

கம்பெனி செலவில் போகிறவர்களுக்கு?

பெரிய பாதிப்பு இல்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம், தொழில் பயணத்துக்கு எடுத்த டிக்கெட்டில் தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால், கட்டிய வரியை 'உள்ளீட்டு வரி வரவு' என்ற முறையில் தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வரிவிலக்கு பெற்ற சேவை தரும் பள்ளிகள், மருத்துவமனைகளுக்கு அந்தச் சேவைகளுக்கான பயணத்தில் இந்த வசதி கிடையாது. சொந்தக் காசில் போகும் தனிநபருக்கும் கிடையாது. ஆக, பிசினஸ் வகுப்பில் பறக்கும் நிறுவன அதிகாரிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி, அம்மாவுக்குப் பிரீமியம் எகானமி எடுத்துக் கொடுக்கும் மகனுக்குக் கிடைக்காது.

முன்பே புக் செய்தவர்கள் என்ன செய்வது?

கவலை வேண்டாம். செப்டம்பர் 22-க்கு முன்பே முழுப் பணமும் கட்டி, டிக்கெட்டும் ரசீதும் வாங்கியிருந்தால், பயணம் அதற்குப் பிறகு இருந்தாலும் பழைய 12 சதவீதமே பொருந்தும். அதன்பின் கூடுதல் பணம் கட்டி மேல் வகுப்புக்கு மாறினால், அந்தத் தொகைக்குப் புதிய வரி.

கேன்சல் செய்தாலும் வரியா?

ஆமாம். டிக்கெட்டுக்கு என்ன விகிதமோ, ரத்துக் கட்டணத்துக்கும் அதே விகிதம்தான் என்று 2022-லேயே மத்திய அரசு விளக்கியிருக்கிறது. ரத்துக் கட்டணம் ரூ.3,500 என்றால் எகானமியில் வரி ரூ.175. பிரீமியம் எகானமியில் ரூ.630.

டிக்கெட் எடுக்கும் முன்...

கால் நீட்ட இடம் மட்டும்தான் தேவை என்றால், எகானமி வகுப்பிலேயே கூடுதல் இடமுள்ள சீட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சீட்டுக்குத் தனிக் கட்டணம் இருந்தாலும், டிக்கெட் எகானமியாகவே இருப்பதால் பயணக் கட்டணத்துக்கு வரி 5 சதவீதம்தான். முதலில் கண்ணில் படும் தொகையை மட்டும் பார்க்காமல், பணம் கட்டும் பக்கத்தில் வரியோடு சேர்ந்த மொத்தத் தொகையை இரண்டு வகுப்புக்கும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.