மெரினாக் குதிரையும் கிண்டிக் குதிரையும்

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றி ஓட்டுகிற குதிரைச் சவாரி நிறுத்தப்பட வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஏழை வயித்துல அடிக்கிறியா?' என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

குதிரை மிரளும் பிராணி. ஆபத்தென்று பட்டால் ஓடும், இல்லையேல் உதைக்கும். ஒரு பலூன் வெடித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே தலைக்கவசம்கூட இல்லாமல் மேலே ஒரு குழந்தை. கயிற்றைப் பிடித்தபடி சுடுமணலில் கூடவே ஓடுகிறவனும் பல நேரம் பொடியன்தான். முதல் உதை அவனுக்குத்தான் விழும். பாதுகாப்பு பேசுகிற கனவான்கள் மேலே இருக்கிற பிள்ளையை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

'பொதுமக்கள் நலன்' என்ற சொல்லின் வரலாறும் நமக்குத் தெரியும். 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்றுதான் மீனவர்களின் படகையும் வலையையும் அகற்றக் கிளம்பினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 2023இல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நொச்சிக்குப்பம் லூப் சாலை மீன்கடைகள்மீது கைவைத்தார்கள். நாளை குதிரைக்காரன்.

இன்னொரு குதிரையையும் பார்ப்போம். ஆதம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கிண்டி ரேஸ் கோர்ஸ். 160 ஏக்கர் அரசு நிலம். 1945இல் 99 ஆண்டுக் குத்தகை. வருஷத்துக்கு 614 ரூபாய்ச் சொச்சம். 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986இல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். 1996இல் உச்ச நீதிமன்றம் 'இது சூதாட்டமல்ல, திறமை' என்று சொல்லி கிளப்பைக் காப்பாற்றியது. 730 கோடி ரூபாய் வாடகை பாக்கி என்று சொல்லி அரசு குத்தகையை ரத்து செய்தது 2024 செப்டம்பரில்தான். கனவான்களின் குதிரையை அசைக்க ஐம்பது வருஷம். மெரினாக் குதிரைக்காரனை அசைக்க ஒரு கான்ஸ்டபிளின் லத்தி போதும். என்னய்யா நியாயம்?

'நம்மைக் குதிரையேற விடாத நாட்டில் குதிரைச் சவாரியை நிறுத்தச் சொல்கிறாயே' என்றும் ஒரு தோழர் கேட்டார். 2018இல் உத்தரப்பிரதேசம் காஸ்கஞ்சில் தலித் மாப்பிள்ளை ஊர்வலம் போவதற்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அதே வருஷம் குஜராத் பாவ்நகர் மாவட்டத்தில் 21 வயது தலித் இளைஞன் கொல்லப்பட்டான். குதிரை ஏறியதுதான் காரணம் என்றார் அவன் தகப்பன். அங்கே போராட்டம் தெருவுக்காக, தலைநிமிர்ந்து போகும் உரிமைக்காக. அதில் ஒரு துளியும் விட்டுத்தர முடியாது. கடற்கரையில் அடுத்தவன் பிள்ளையைச் சுமந்துபோகிற குதிரைக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடுவது எந்த உரிமை?

நான் வேலை பார்க்கிற வங்கிக்கு ஆட்டோக் கடன் கேட்டு ஒரு குதிரைக்காரர் வந்தார். 'குதிரை என்னுது இல்ல சார். ராத்திரி ஓனருக்குக் கட்டணும். மிச்சம்தான் எனக்கு' என்றார். ஜாமீன் போட ஆளில்லை. கடன் கிடைக்கவில்லை. ஜாமீன் கையெழுத்து இல்லாதவனுக்கு அரசின் கடன் திட்டமெல்லாம் சுவரொட்டிதான்.

வழி இல்லாமலில்லை. 1973இல் தமிழக அரசு கைரிக்ஷாவை ஒழித்தபோது இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்ஷா கொடுத்தது. 2015இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உல்லாசக் குதிரை வண்டிகளைத் தடை செய்தபோது ஒரு வருஷ அவகாசமும் கொடுத்தது, மறுவாழ்வுத் திட்டமும் கேட்டது. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் பொது இடத்தில் சேவை செய்து பிழைப்பவரையும் வியாபாரி என்றே கணக்கில் கொள்கிறது. 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் விரட்ட முடியாது.

ஆகவே, முதலில் குதிரைக்காரர்களைக் கணக்கெடு. ஓனரை அல்ல, கயிறு பிடிப்பவனை. ஜாமீன் கேட்காமல் ஆட்டோ கொடு, அல்லது கடற்கரையிலேயே கடை கொடு. பையன்களைப் பள்ளிக்கு அனுப்பு. குதிரைகளின் பராமரிப்பை அரசே ஏற்க வேண்டும். இல்லையேல் ஊட்டியில் போல நடுரோட்டில்தான் திரியும். இதெல்லாம் முடிந்த மறுநாள் சவாரியை நிறுத்து. வரிசை மாறினால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை, வெளியேற்றம்.