கீபோர்டைத் தூக்கிப் போடாதீர்கள்!

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கீபோர்டு இருக்கிறதா? பையனோ பெண்ணோ மூன்றாம் கிரேடு வரை வாசித்துவிட்டு, பத்தாம் வகுப்பு வந்ததும் பெட்ஷீட் சுற்றி ஏற்றிவைத்த சமாசாரம்? அதை இறக்கி, தூசி தட்டி, புது லேப்டாப்போடு இணைத்து, ஒன்றும் நடக்காமல் கடைக்குப் போனால் என்ன பதில் வரும் தெரியுமா? ‘இது ஓல்டு மாடல் சார். சப்போர்ட் கிடையாது. புதுசு வாங்கிடுங்க.’

வாங்காதீர்கள். இதைப் படித்து முடிக்கும் வரையாவது.

ஓல்டு என்றால் எவ்வளவு ஓல்டு? கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் பாஷைக்கு மிடி என்று பெயர். அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை ஆரம்பித்த இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று, போட்டிக் கம்பெனிகளைச் சம்மதிக்கவைத்துச் செய்த காரியம். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், ஸ்மித்தின் ப்ராஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜூபிட்டர்-6-ஐயும் ஒரு வயரில் கோத்தார்கள். ஒன்றில் வாசித்தால் இன்னொன்று பாடியது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று ராயல்டி கேட்காமல் விட்டுவிட்டார்கள். 2013-ல் இருவருக்கும் டெக்னிகல் கிராமி கொடுத்தார்கள். ககேஹாஷி 2017-ல் போய்விட்டார், ஸ்மித் 2022-ல். அவர்கள் செய்த பாஷை மட்டும் நன்றாகவே இருக்கிறது. 2020-ல் மிடி 2.0 வந்தபோதுகூடப் பழைய கருவிகளைக் கைவிடாதபடிதான் அமைத்தார்கள்.

அப்புறம் எது செத்தது? டிரைவர்.

யுஎஸ்பி வழியாக மிடி போவதற்கு 1999-லேயே பொது விதி வந்துவிட்டது. அதன்படி செய்த கீபோர்டுக்குத் தனி டிரைவர் வேண்டாம், செருகினால் போதும். ஆனாலும் பல கம்பெனிகள் சொந்தமாக ஒரு டிரைவர் எழுதி, சிடியில் போட்டு, டப்பாவுக்குள் வைத்து விற்றன. அன்றைய 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11-லோ 32 பிட் பதிப்பே கிடையாது. கம்பெனிதான் புதிதாக எழுதித் தர வேண்டும். எழுதுவார்களா? புது மாடலை யார் வாங்குவது! கட்டைகள் ஜோர், ஸ்பீக்கர் ஜோர். வாட்ச்மேன் வேலையை விட்டுப் போனதற்கு வீட்டையே இடிக்கச் சொல்கிறார்கள்.

‘எத்தனை வருஷம்தான் சார் சப்போர்ட் பண்றது?’ என்பார்கள். நியாயமாகத்தான் தொனிக்கிறது. ஆனால், லினக்ஸில் பல பழைய யமஹா, ரோலண்ட் மாடல்கள் செருகினவுடன் வேலை செய்கின்றன. யாரோ சில புண்ணியவான்கள் உட்கார்ந்து அந்த மாடல்களுக்கு வழி எழுதிவைத்திருக்கிறார்கள். வெளி ஆளால் முடிகிறது, செய்த கம்பெனியால் முடியவில்லையாம். எழுத மனசில்லையா, விவரத்தையாவது வெளியே கொடுங்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் ஹப்பைத் தூக்கிவிட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள். சில ரோலண்ட் மாடல்களின் மெனுவில் யுஎஸ்பி டிரைவர் என்று ஒன்று இருக்கும். அதை ‘ஜெனரிக்’ என்று மாற்றி, ஒரு தடவை அணைத்துப் போட்டால் சிடியே வேண்டாம்.

அதுவும் இல்லையா? பின்பக்கம் ஐந்து ஓட்டையோடு வட்டமாக ஒரு சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கவலையை விடுங்கள், அதுதான் 1983-ன் அசல் வாசல். நடுவில் ஒரு யுஎஸ்பி-மிடி இன்டர்ஃபேஸ் வேண்டும். ரொம்ப மலிவானதை வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றுக்குள், மின்சாரம் நேராகத் தாவாமல் வெளிச்சத்தால் செய்தி கடத்தும் ஆப்டோ ஐசொலேட்டரையே மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். கீபோர்டின் ‘அவுட்’டிலிருந்து இன்டர்ஃபேஸின் ‘இன்’னுக்குப் போக வேண்டும். சில வயர்களில் இந்த எழுத்துகளைத் தலைகீழ் அர்த்தத்தில் அச்சடித்திருப்பார்கள். வேலை செய்யவில்லையென்றால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள், ஒன்றும் எரிந்துபோகாது. கட்டையை அமுக்கும்போது இன்டர்ஃபேஸில் விளக்கு கண் சிமிட்டினால் வயர் பாஸ்.

விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லையா? வராது. மிடியில் சத்தமே கிடையாது சார்! ‘60-ம் நம்பர் கட்டை, இவ்வளவு வேகமாக அமுக்கினார்’ என்று நம்பர்கள்தான் போகும். அதைக் கேட்டுப் பாட, கம்ப்யூட்டருக்குள் ஒரு சாஃப்ட்வேர் வாத்தியம் திறந்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை நல்ல கீபோர்டுகள் பாதி விலைக்குக்கூடப் போகாமல் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போயிருக்குமோ!

இவ்வளவுக்குப் பிறகும் புதுசுதான் வாங்குவேன் என்றால் சரி, உங்கள் பணம். கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘டிரைவர் போடாமல் வேலை செய்யுமா?’ உடனே செருகிக் காட்டச் சொல்லுங்கள். ‘வெப்சைட்ல டவுன்லோடு பண்ணிக்கலாம் சார்’ என்று இழுத்தால், பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டுங்கள்.