கரோன் ஆற்றின் அக்கரை ஒயின்

பிரான்சின் போர்தோ நகருக்குத் தெற்கே, சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு கரோன் ஆற்றில் கலக்குமிடத்தில் இலையுதிர் காலக் காலைகளில் மூடுபனி படரும். அந்த ஈரத்தில் திராட்சைத் தோலில் போட்ரைட்டிஸ் பூஞ்சை பிடிக்கும். பிறகு வெயிலேற, நீர் வற்றிப் பழம் சுருங்கி, சர்க்கரை திரளும். சாம்பல் பூத்து வதங்கிய அந்தப் பழங்களைப் பதம் பார்த்து, ஒரே தோட்டத்தில் பல தடவை சுற்றிவந்து கையால் பறிக்கிறார்கள். இப்பகுதியின் சொதேர்ன் இனிப்பு ஒயினின் விலை ஏறுவது இந்தப் பறிப்பில்தான். போர்தோ ஒயின்களின் 1855 தரவரிசையில் தனி உச்சியில் வைக்கப்பட்ட சொதேர்ன் தோட்டமான ஷாத்தோ திக்கெம், 2012 விளைச்சலில் தரம் போதவில்லை என்று ஒரு புட்டிகூட வெளியிடவில்லை. அந்தக் கண்டிப்புக்கு அந்த விலை தகும்.

ஆனால், இனிப்பு ஒயின் என்றாலே சொதேர்ன்தான் என்று நினைப்பது சரியல்ல.

கரோனின் அக்கரையிலேயே லூப்பியாக், கடியாக், சாந்த்-குருவா-து-மோன் என்ற ஒயின் ஊர்கள் இருக்கின்றன. சொதேர்னில் உள்ள அதே செமியோன் திராட்சை, அதே பூஞ்சை. விலை மட்டும் வெகு குறைவு. தொர்தோஞ் ஆற்றுப் பக்கத்து மோன்பசியாக்கும் இதே வழிதான். செறிவு ஒரு படி குறையலாம். தேனும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை குறையாது. ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியின் உப்புக்கு அது அருமையாக ஈடுகொடுக்கும்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் ஸ்பெயினின் மொஸ்கதெல் தே வலென்சியா. மஸ்கட் திராட்சைச் சாற்றில் மதுசாரம் சேர்த்து, நொதிக்கவிடாமல் இனிப்பைக் காக்கிறார்கள். பூஞ்சைக்காகக் காத்திருக்கும் செலவே இல்லை. உணவகங்கள் இந்த மலிவு ஒயின்களைப் பட்டியலில் சேர்த்துக் கோப்பைக் கணக்கில் விற்க வேண்டும். விருந்தின் முடிவில் ஒருவருக்குத் தேவைப்படுவது அவ்வளவுதான்.