சத்தம் வேணுமா, சைலன்சர் வேணுமா?

போன வாரம் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். பேச்சு காட்டுப்பன்றிக்குப் போனது. மேக்கரை, வடகரை, பண்பொழி என்று மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கிற யாரிடம் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். நண்பன் ஒருத்தன் சொன்னான்: "ஏல, அமெரிக்கா மாதிரி ஆளுக்கொரு துப்பாக்கிய குடுத்துட்டா பன்னித் தொல்லை ஒரே வாரத்துல தீந்துரும்." எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் ராத்திரி முழுக்க அது மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் நம் சட்டம். துப்பாக்கி விஷயம் மத்தியப் பட்டியலில் வருகிறது. தமிழ்நாட்டுக்கு ஒன்று, கேரளாவுக்கு ஒன்று என்று கிடையாது, 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம்தான் எல்லோருக்கும். லைசென்ஸ் இருந்தாலும் ஒருவர் மூன்று துப்பாக்கிவரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019 டிசம்பரில் இரண்டாகக் குறைத்தார்கள். கல்யாண வீட்டில் ஆட்களுக்கு ஆபத்து வருகிற மாதிரி வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் இரண்டு வருடம்வரை ஜெயில் என்று அப்போதுதான் சேர்த்தார்கள்.

எனக்குப் பிடித்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, சத்தத்தையும் தீப்பொறியையும் குறைக்கிற கருவி, அதாவது சைலன்சர், நம் சட்டத்தின் பார்வையில் வெறும் உதிரி பாகம் இல்லை. அதுவே ஒரு துப்பாக்கி என்றுதான் கணக்கு. இரண்டாவது, லைசென்ஸ் கையில் இருந்தாலும் சிறப்பு அனுமதி இல்லாமல் திருவிழாவுக்கோ, சாமி ஊர்வலத்துக்கோ, கூட்டத்துக்கோ, கல்லூரி வளாகத்துக்கோ துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் காசி விசுவநாதர் கோயில் தேரோட்டத்துக்கும் கூடாது, குற்றாலம் சாரல் விழாவுக்கும் கூடாது.

இப்போது அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். 1966 ஆகஸ்ட் 1 அன்று டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறி ஒருவன் கண்ணில் பட்டவர்களை எல்லாம் சுட்டான். சரியாக 50 வருடம் கழித்து, 2016 ஆகஸ்ட் 1 அன்று, அதே மாநிலத்தில் லைசென்ஸ் உள்ளவர்கள் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. 2017-ல் லாஸ் வேகாசில் இசை நிகழ்ச்சிக் கூட்டத்தின் மேல் சுட்டவன், விசையைப் படபடவென்று இயங்க வைக்கிற 'பம்ப் ஸ்டாக்' என்ற துணைக் கருவியைத் துப்பாக்கியில் மாட்டியிருந்தான். அதற்கு அரசு தடை போட்டது, 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது. சைலன்சருக்கு 1934 முதல் இருந்த 200 டாலர் வரியும் 2026 ஜனவரியிலிருந்து பூஜ்யம். காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் கேட்கிறேன், சைலன்சருக்கு வரிவிலக்கு கொடுத்து எதை வளர்க்கப் போகிறார்கள்?

"இது வெள்ளைக்காரன் போட்ட கட்டுப்பாடுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களிடம் லைசென்ஸ் கேட்டது, வெள்ளைக்காரர்களை விட்டுவிட்டது. பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட துப்பாக்கி அந்தச் சட்டத்தை மீறி வந்ததுதான். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 டிசம்பரில், ஆயுதம் வைத்துக்கொள்வதை அடிப்படை உரிமையாக்கலாம் என்று எச்.வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் கேட்டபோது அம்பேத்கர் எதிர்த்தார். சபையும் ஏற்கவில்லை. ஆகவே இன்றைய கட்டுப்பாடு நாமே யோசித்து எடுத்த முடிவு.

சரி, சட்டம் நல்ல சட்டம். அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? என் மாமா கதையைச் சொல்கிறேன்.

மாமாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. பன்றியைச் சுடுவதற்கு அல்ல. ராத்திரி வாழைக்குள் சலசலப்பு கேட்டால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, கூட்டம் மலைப்பக்கம் ஓடிவிடும். ஆனால் தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 2024-ல் மார்ச் 16 அன்று தேர்தல் அறிவிப்பு. நமக்கு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. எண்ணிக்கை ஜூன் 4. எண்பது நாள் முடிந்த பிறகுதான் துப்பாக்கி திரும்ப வரும். அதுவரை மாமா தகர டின்னைத் தட்டிக்கொண்டு காவல் இருந்தார். "பன்னிக்கு என்ன மாப்ள, தேர்தல் தேதியா தெரியும்?" என்றார்.

தேர்தல் ஆணையம் சொல்வது, ஒவ்வொரு லைசென்ஸ்தாரரையும் தனித்தனியாக ஆராய்ந்து, அதற்கென்று ஒரு குழு முடிவு செய்ய வேண்டும் என்பதுதான். எங்கள் பக்கம் நான் பார்த்தவரை நடப்பது, "எல்லோரும் கொண்டுவந்து வையுங்கள்." வழக்கு உள்ளவனும் வாழைக்காரனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இதனால் ஆபத்து குறைகிறதா என்றால், இடம் மாறுகிறது என்பேன். லைசென்ஸ் துப்பாக்கி இல்லாத இடத்தில் திருட்டு மின்வேலி வருகிறது, அவுட்டுக்காய் வருகிறது. 2020-ல் பாலக்காட்டில் வெடி வைத்த பழத்தைக் கடித்துச் செத்த கர்ப்பிணி யானையை யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்வேலிக்குப் பன்றி எது, ஆள் எது என்று தெரியாது. அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபடி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடும். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் சுடக் கூடாது. அடிவாரத்து வாழைக்காரன் இருப்பதே அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான். அவனுக்கு மிச்சம் இருப்பது சத்தம் மட்டும்.

என் கருத்து இதுதான். எந்த இடத்துக்குத் துப்பாக்கி போகக் கூடாது, எந்தக் கருவியை அதில் மாட்டக் கூடாது என்பதில் சட்டம் இம்மியும் இளகக் கூடாது. நண்பன் கேட்கிற அமெரிக்கா நமக்கு வேண்டாம். ஆனால் யாரிடமிருந்து வாங்கி வைப்பது என்பதில் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வழக்கு இல்லாத விவசாயி என்று குழு எழுதிக் கொடுத்தால் போதும், அவர் துப்பாக்கி அவர் வீட்டில் இருக்கட்டும்.

ஆளைப் பிரித்தறிவது அப்படி ஒன்றும் கஷ்டமும் இல்லை. மாமாவுக்கு வேண்டியது சத்தம். சத்தம் வேண்டாம் என்று நினைக்கிறவனைத்தான் போலீஸ் தேட வேண்டும்.