பழைய மடிக்கணினியும் பற்றவைக்கத் துணியும் கைகளும்



இயங்காமற்போன மடிக்கணினியைத் திறந்து, அதன் தாய்ப்பலகையில் தாமே பற்றாசு வைத்துச் சரிசெய்ய முனைவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். ‘வீண் வேலை, புதியதொன்றை வாங்கிவிடலாம்’ என்று வீட்டார் கடிந்துகொள்வதும் உண்டு. இவ்விரு தரப்பில் நான் முன்னவர் பக்கமே நிற்கின்றேன். ஆயினும் நிபந்தனையின்றி அன்று.

ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு உலகில் சேர்ந்தது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய பழுதுபார்க்கும் உரிமைச் சட்டமும் துணி துவைக்கும் இயந்திரம், கைபேசி போன்றவற்றைப் பட்டியலிட்டதேயன்றி மடிக்கணினியை அதில் சேர்க்கவில்லை. ஆகவே பழைய மடிக்கணினியின் ஆயுள் பெரும்பாலும் அதன் உரிமையாளர் கையிலேயே விடப்பட்டுள்ளது.

நம் மக்களுக்கு இது புதிய கலையும் அன்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்தவர்கள் நாம். அத்தலைமுறையின் பிள்ளைகள், பொருள் பழுதானால் எறிவது ஒன்றே வழி என்று எண்ணி வளர்வது எனக்கு வருத்தந்தருகின்றது.

எனினும் ஆர்வம் மட்டும் போதாது. முதல் நிபந்தனை, உள்ளிருப்பதைக் காப்பது. ஊரில் மறைந்த பெற்றோரின் இறுதி ஒளிப்படங்களும், குடிவரவு ஆவணங்களின் பிரதிகளும் நம்மில் பலரிடம் அப்பழைய கணினியில் மட்டுமே உள்ளன. பெரும்பாலான பழைய கணினிகளில் வன்தட்டைத் தனியே கழற்றி, சிறியதொரு யூஎஸ்பி இணைப்பி வழியே வேறு கணினியில் படிக்கலாம். பற்றாசுக்கோலைத் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். புதிய வகைகள் சிலவற்றில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். அத்தகைய கணினியில், ஒரே பிரதி உள்ளே இருக்குமாயின், கற்றுக்குட்டியின் கை படவே கூடாது.

இரண்டாவது, நோயறிந்த பின்னரே மருந்து. உயிரற்றதாகத் தோன்றும் கணினிகள் பலவற்றுக்குப் பற்றாசே தேவைப்படுவதில்லை. மின்னேற்றியின் மேல் அச்சிடப்பட்டுள்ள வோல்ட் அளவு உண்மையில் வருகின்றதா என்று மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். நினைவகப் பலகையைக் கழற்றி மீண்டும் பொருத்திப் பாருங்கள். மின்னேற்றி செருகும் துளை தளர்ந்திருந்தால், அது கம்பியோடு கழற்றி மாற்றக்கூடியதா, பலகையிலேயே பற்றவைக்கப்பட்டதா என்று கவனியுங்கள். பலகையில் இருப்பின், பழகிய கைக்கு அது தகுந்த வேலையே.

மூன்றாவது, செத்த பலகையில் பழகுங்கள். ஐரோப்பாவில் 2006 யூலை முதல் புதிய கருவிகளில் ஈயம் கட்டுப்படுத்தப்பட்டதால், அதன்பின் வந்த பலகைகளில் பெரும்பாலும் ஈயமற்ற பற்றாசே உள்ளது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகும். இதுவோ ஏறத்தாழ 217 பாகையில்தான் உருகும். பலகையினுள் அடுக்கடுக்காக உள்ள செப்புத் தகடுகளும் வெப்பத்தை உறிஞ்சிவிடும். வலுக்குறைந்த கோலை வைத்திருப்பவர் உருகவில்லையே என்று அழுத்துவார். அப்போது செப்புத் தடமே பெயர்ந்து வந்துவிடும். வெப்பக் கட்டுப்பாடுள்ள கோல், போதிய பிளக்ஸ், பழைய இணைப்பின் மேல் சிறிது புதுப் பற்றாசு ஆகிய மூன்றும் இருந்தால் அழுத்த வேண்டிய தேவையே எழாது.

மின்கலத்தைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்குங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். பிளக்ஸ் புகை ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. உணவு மேசையில் இவ்வேலை வேண்டாம். ஈயம் கலந்த பற்றாசைத் தொட்ட கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள்.

பலகையைச் சமையல் அடுப்பில் வைத்துச் சுடுமாறு கூறும் காணொளிகளை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். 2008இல் என்விடியா நிறுவனம் தன் வரைகலைச் சில்லுகள் சிலவற்றின் பழுதை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்கியது. அங்கே குறை சில்லின் உள்ளேயே இருந்தது. சூடுபடுத்தினால் அது சில நாளோ சில வாரமோ உயிர்பெற்று மீண்டும் அடங்கிவிடும். உணவு சமைக்கும் அடுப்போ மாசடைந்துவிடும்.

தனித்துப் போராடுவதினும் கூடிக் கற்பது நன்று. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’ இன்று ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நடைபெறுகின்றது. தன்னார்வலர் அருகமர்ந்து கற்றுத்தருவர். நம் பங்கு மண்டபத்திலும் மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலை இதற்கென ஒதுக்கலாம் என்பது என் விருப்பம். மின்னணுவியல் பயிலும் இளையோரும், ஊரில் வானொலி திருத்திய மூத்தோரும் ஒரே மேசையில் அமரட்டும். கணினி பிழைக்காவிட்டாலும், பேரனுக்கும் பாட்டனுக்கும் பேச ஒரு பொருள் கிடைக்கும்.

விரும்புவோர் கீழே பெயரைப் பதியுங்கள். வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பலகைகளை எறியாமல் எடுத்து வையுங்கள். பழகுவதற்கு அவை வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை