ஒரு சொல், இரண்டு சொந்தக்காரர்கள்

வரியைக் குறை, கட்டுப்பாட்டை எடு, அரசே ஒதுங்கிக்கொள் என்று சொல்பவர்தான் லிபர்டேரியன். சோஷலிசத்துக்கு ஜென்ம விரோதி. பொருளாதாரப் பத்திரிகை படிக்கும் மும்பைவாசியின் மனதில் பதிந்திருக்கும் சித்திரம் இது. ஆனால் ‘லிபர்டேரியன் சோஷலிஸ்ட் இன்ஸ்டிட்யூட்’ என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் இதே நகரில், அந்நாளைய சாண்ட்ஹர்ஸ்ட் சாலையின் ஆர்ய பவனில் இயங்கியிருக்கிறது. அதை நடத்தியவர்களில் ஒருவர் சென்னைக்காரர்.

எம்.பி.டி. ஆச்சார்யா 1887-ல் பிறந்தவர். பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ பத்திரிகையை நடத்திய மண்டயம் ஐயங்கார் குடும்பத்துக்காரர். போலீஸ் நெருக்கடியில் பத்திரிகை புதுச்சேரிக்கு இடம்பெயர, பின்னர் இவர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது அதன் முன்வரிசையில் இருந்தார். எம்.என். ராயுடன் மோதல் வந்தது. சில மாதங்களில் வெளியேற்றப்பட்டார். பெர்லினில் அனார்க்கிஸ்டுகளுடன் சேர்ந்தார். 1935-ல் பம்பாய் திரும்பியபோது அவருடைய கொள்கை தெளிவாக இருந்தது: ஆயிரம் முதலாளிகளை அகற்றிவிட்டு அரசு என்ற ஒரே முதலாளியை உட்கார வைப்பது சோஷலிசம் அல்ல. அதற்காக அந்த ஆயிரம் பேரைத் திரும்ப அழைக்கவும் அவர் தயாராக இல்லை.

இதில் விசித்திரம் எதுவும் இல்லை. சொல்லின் பூர்வீகமே அதுதான். 1857-ல் ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சுத் தொழிலாளி, சுவரில் காகிதம் ஒட்டிப் பிழைத்தவர், அனார்க்கிசத்தின் தந்தை எனப்படும் புரூதோனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெண்ணுக்குச் சம உரிமை தர மறுக்கும் நீர் பாதிச் சுதந்திரவாதிதான் என்பது குற்றச்சாட்டு. முழுமையானவரைக் குறிக்க அவர் கையாண்ட சொல் ‘லிபர்டேர்’. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அதே பெயரில் பத்திரிகையும் தொடங்கினார். ஏறக்குறைய நூறு வருஷம் அது இடதுசாரிச் சொல்லாகவே புழங்கியது. அமெரிக்காவில் ‘லிபரல்’ என்ற பட்டத்தை அரசுத் திட்டங்களின் ஆதரவாளர்கள் எடுத்துக்கொண்டுவிட, 1955-ல் டீன் ரஸ்ஸல் என்ற சந்தை ஆதரவாளர், நாம் லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்வோம் என யோசனை கூறினார். ஒட்டிக்கொண்டது.

பம்பாயில் இந்தக் கைமாற்றம் ஒரே கூரைக்குள் நடந்ததுதான் சுவாரஸ்யம். ஆச்சார்யாவின் நிறுவனத்துக்குப் பணம் போட்டவர் ரண்சோட்தாஸ் லோட்வாலா. மாவு மில் அதிபர், பத்திரிகை முதலாளி. 1920-களில் இளைஞர் எஸ்.ஏ. டாங்கேயின் ‘சோஷலிஸ்ட்’ இதழுக்குத் தோள் கொடுத்தவரும் இவர்தான். 1954-ல் ஆச்சார்யா இறந்தார். பின்னர் அதே ஆர்ய பவனிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லிபர்டேரியன்’ இதழ் சுதந்திரப் பொருளாதாரத்துக்காக வாதாடியது. பெயரில் சோஷலிஸ்ட் இல்லை. விலாசம் மாறவில்லை, அர்த்தம் மாறிவிட்டது.

லோட்வாலா மட்டும் இந்தப் பாதையில் நடக்கவில்லை. 1934-ல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியை அமைத்தவர்களில் ஒருவரான மினு மஸானி, 1959-ல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் முன்னின்றார். சோவியத் அனுபவத்தைப் பார்த்து மிரண்ட இருவரும் அரசை விட்டார்கள், முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆச்சார்யா இரண்டையும் விட்டார். கூட யாரும் இல்லாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

இந்தப் பழைய வழக்கு தாராவியில் இன்னும் முடியவில்லை. சதுப்பைத் தூர்த்து, தோல் பதனிட்டு, பானை வனைந்து தாங்களாகவே எழுப்பிக்கொண்ட பேட்டை. திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களுக்கு யாரும் மனை ஒதுக்கவில்லை. பக்கத்து மாதுங்காவோ 1898-ல் அமைந்த அரசு டிரஸ்ட் அளந்து, தெரு போட்டு, மனை பிரித்துக் கொடுத்தது. செம்பூரிலும் பல தமிழ்க் குடும்பங்களைக் கரையேற்றியது உர ஆலை, எண்ணெய் ஆலை போன்ற பொதுத்துறைச் சம்பளம். அரசு வேண்டாம் என்ற வாதம் மாதுங்கா பால்கனியிலிருந்து எடுபடுவதும், தாராவிக்காரர் குழாயும் கழிப்பறையும் கேட்டு அதே அரசின் வாசலில் நிற்பதும் மும்பையின் வேடிக்கை.

தாராவியைச் சந்தை லிபர்டேரியனும் மெச்சுகிறார், அனார்க்கிஸ்டும் மெச்சுகிறார். முன்னவர், இருப்பவருக்குப் பட்டா கொடு, விற்பதும் வைத்துக்கொள்வதும் அவர் இஷ்டம் என்பார். பின்னவர், நிலம் குடியிருப்பவர்களின் கூட்டுப் பொறுப்பில் இருக்கட்டும் என்பார். நடப்பது இரண்டும் அல்ல. 2022-ல் ஏலம் எடுத்த அதானி குழுமத்துக்கு 80 சதவீதம், அரசுத் தரப்புக்கு 20 சதவீதம் என்ற கூட்டு நிறுவனம் மறுசீரமைப்பை நடத்துகிறது. யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானிப்பதில் 2000 ஜனவரி 1 என்ற தேதிக்குப் பெரும் பங்கு. அரசும் முதலாளியும் ஒரே மேஜையில் உட்காரும் இந்த ஏற்பாட்டை இரண்டு வகை லிபர்டேரியன்களும் சேர்ந்தே எதிர்க்க முடியும்.

அதற்கு அடுத்த கேள்வியில்தான் பிரிவார்கள். பட்டா பட்டறை உரிமையாளருக்குப் போகும். அதே பட்டறையில் பகலில் தோல் பை தைத்து, இரவில் அங்கேயே பாய் விரிக்கும் கூலிக்காரருக்கு? அவர் விரும்பினால் வேலையை விட்டுப் போகலாமே, அதுதான் சுதந்திரம் என்பது சந்தைக்காரரின் பதில். போனால் படுக்க இடமில்லாதவனுக்கு அது என்ன சுதந்திரம் என்று ஆச்சார்யா கேட்டிருப்பார்.